இல்லாத கம்பெனிக்குப் போன நாட்கள்

எங்கள் ஊரில் விடியற்காலையில் டிபன் பையும் கையுமாக ஸ்டேஷன் பக்கம் நடக்கிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே கிடையாது. சுரங்கத்தை மூடியதிலிருந்து கோலார் தங்கவயலில் பாதி வீட்டில் அடுப்பு எரிவது ரயிலை நம்பித்தான். மாரிகுப்பத்தில் ஏறி, பெங்களூரில் இறங்கி, துணிக்கடையிலோ தையல் கம்பெனியிலோ செக்யூரிட்டி வேலையிலோ பகலைக் கழித்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். எந்த வேலையானாலும் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அதற்குப் பெயர் கம்பெனி.

அதனால் ஒரு திங்கட்கிழமை காலை, நாற்பத்தேழு வயதில், நானும் ஒரு பையை மாட்டிக்கொண்டு வாசலை விட்டு இறங்கியபோது, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாமா, வேலைக்கா?"

நான் தலையை ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை லைன் பார்த்துக்கொண்டது. சாயங்காலம் நான் திரும்பி வருவதற்குள், எனக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் பெரிய கம்பெனியில், ஏ.சி. ரூமில், உட்கார்ந்த இடத்தில் வேலை என்று முடிவாகியிருந்தது.

அதில் ஏ.சி. ரூம் மட்டும் நிஜம். உட்காரவில்லை, படுத்திருந்தேன். இடது மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் அதைக் கரண்ட் வைக்கிறது என்பார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், இப்படிப் பல வாரம், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது சில நிமிஷம்தான். போய் வருவதற்குத்தான் முழு நாளும் ஆகும்.

ஆபரேஷன் முடிந்ததும் பங்காருப்பேட்டையில் அக்கா வீட்டில் தங்கிப் புண்ணை ஆறவைத்துக்கொண்டு வந்தேன். லைனில் கேட்டவர்களிடம் என் வீட்டுக்காரர், "அவங்க அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கப் போயிருக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற என்னை நோயாளி ஆக்கிவிட்டாரே என்று அக்கா இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு லைன் தள்ளி ஒருத்திக்கு இதே வியாதி வந்தபோது நான் நேரில் பார்த்தேன். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஜனங்கள் வந்தார்கள். சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். "சின்ன வயசாச்சே, புள்ளைங்க இன்னா பண்ணும்" என்று அவள் எதிரிலேயே மூக்கைச் சிந்தினார்கள். மருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிற்கவே முடியாமல் இருந்த அவள் எழுந்து போய், வந்த அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போதும் காலையில் மகனுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூல் வேன் பின்னால் ஓடுகிறாள். அழ வந்தவர்களில் ஒருத்தர்கூட, நல்லாயிட்டியா என்று கேட்கத் திரும்பி வரவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் எதிரில் யாராவது உட்கார்ந்து அப்படி அழுதிருந்தால் அந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அவர்கள் மேலேயே எறிந்திருப்பேன். அதற்குக் கம்பெனி எவ்வளவோ தேவலை என்று இருந்துவிட்டேன். முதல் சில நாள் என் வீட்டுக்காரர் கூட வந்தார். அவருடைய ஷிப்டும் என் ரயிலும் ஒத்துவரவில்லை. நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தொந்தரவு எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்துதான் வந்தது. லைன் வீடு எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு கை நுழைகிற சந்து இருக்கும். அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம். அந்த வீட்டில் பெரியம்மாவும் அவருடைய மருமகளும் இரண்டு வயதுப் பேத்தியும் இருந்தார்கள். மகன் ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். பெரியம்மாவின் குரல் பெரிய குரல். சுரங்கத்தில் வேலை செய்து காது மந்தமாகிப்போன மனிதரோடு குடும்பம் நடத்தியவர், அவர் போன பிறகும் அதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் அது குழாயடிக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி.

மருமகள் வாயே திறக்காத பெண். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னோடு நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அப்படிப்பட்டவள், நான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த வாரமே வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?"

"இப்ப எடுக்கல."

"எப்ப எடுப்பாங்க?"

"அதெல்லாம் முன்னாடியே சொல்லமாட்டாங்க."

மறுநாளும் வந்தாள். என்ன படித்திருக்க வேண்டும் என்று கேட்டாள். வாய்க்கு வந்தபடி டிகிரி என்று சொன்னேன்.

"நீங்க பத்தாவதுதானேக்கா?"

"எனக்கு அனுபவம் இருக்குது."

"இன்னா அனுபவம்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போனேன். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் அவள் கண் என் கழுத்தில் போய் நின்றது. கதிர்வீச்சு விழ வேண்டிய இடத்தைச் சுற்றி வயலட் மசியில் கோடு போட்டிருப்பார்கள். அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு கோடு ரவிக்கைக்கு மேலே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா அது?"

"பேனா ஒழுகிடிச்சி."

"கழுத்துலயா?"

சத்தியமாகச் சொல்கிறேன், வியாதியைவிட இவள் எனக்குப் பெரிய தலைவலியாகிவிட்டாள். சாயங்காலம் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வந்து விழுவேன். கரண்ட் வைத்த இடம் கறுத்து, வெயிலில் கிடந்த மாதிரி எரியும். கொஞ்சம் கண்ணை மூடினால் சுவருக்கு மேல் சந்து வழியாகப் பெரியம்மாவின் குரல் வரும். "எம்மா, என் மருமவளுக்கு ஒரு வழி பண்ணுமா. கொழந்தய நான் பாத்துக்கறேன்." நான் தூங்குகிற மாதிரி குறட்டை விடுவேன். பகலெல்லாம் வேலை செய்து களைத்துவிட்டேன் என்று அதற்கும் அவரே விளக்கம் சொல்லிக்கொள்வார்.

பிறகு ஒரு நாள் காலை மாரிகுப்பம் ஸ்டேஷனில் லேடீஸ் பெட்டியில் ஏறி உட்கார்ந்தால், எதிரில் அவள். நல்ல புடவை, பின்னிய தலை, மடியில் டிபன் பை, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட்.

"இன்னிக்கி நானும் வர்றேன்க்கா. நீங்க ஒண்ணியும் சொல்லவேணாம். மேனேஜர்கிட்ட நானே பேசிக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வழியில் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கிக்கொள் என்றேன். பார்த்துச் சிரித்தாள். மேனேஜருக்குக் காய்ச்சல் என்றேன். பரவாயில்லை, அடுத்தவரைப் பார்க்கிறேன் என்றாள். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது அவளைக் கையைப் பிடித்து இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெட்டியில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள், பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும், "புதுசா வேலைக்கா, நல்லது, நல்லது" என்று அவளுக்கு இடம் விட்டு, ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, நெற்றியில் விபூதிகூட வைத்துவிட்டார்கள். வாய் திறக்காத பெண் அன்றைக்கு என்னமாய்ப் பேசினாள் தெரியுமா.

பெங்களூரில் இறங்கியபோது எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வேறு எங்காவது சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அன்றைக்கு முறை தவறிவிடும். ஒரு நாளும் தவறக்கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்று அவளைப் பார்த்தேன். கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"வா. வந்து பாத்துக்கோ என் கம்பெனிய."

ஆஸ்பத்திரி வாசலில் போர்டைப் படித்தாள். கன்னடத்தில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். என் பின்னாலேயே வந்தாள். காத்திருக்கும் கூடத்தில் வழக்கமான கூட்டம். தலையில் துணி கட்டிய பெண்கள், மூக்கில் குழாய் செருகிய ஒரு பெரியவர், புருவம் உதிர்ந்துபோன ஒரு காலேஜ் பையன். அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, என் பையை அவள் மடியில் போட்டுவிட்டு, என் முறை வந்ததும் உள்ளே போனேன்.

அந்த அறையில் நம்மைப் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு மூடும். சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற கூண்டில் இறங்கும்போது மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே போவேன் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். நானும் தினமும் அப்படியே செய்வேன். வலியே இருக்காது. அன்றைக்கு மட்டும் மூச்சு சீராக வரவில்லை. அவள் ஓடிப்போயிருப்பாள், அடுத்த ரயிலைப் பிடித்து ஊருக்குப் போயிருப்பாள், இருட்டுவதற்குள் ஆரஞ்சுப் பழங்கள் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

வெளியே வந்தால் அதே நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் தலையில் துணி கட்டியிருந்த ஒரு அம்மாவோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பேசவில்லை, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு முதலில் எப்படித் தெரிந்தது, கையில் பட்டதா, வலித்ததா. அந்த அம்மாவும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இவள் எழுந்துகொண்டாள்.

பின்பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து டிபனைத் திறந்தோம். அவள் தன் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு எலுமிச்சை சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இருந்த கோபத்தில், "இன்னா, உன் மேனேஜரப் பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்குது."

"இன்னா இருக்குது?"

அவள் வலது கையை எடுத்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்துக் காட்டினாள்.

பாப்பாவுக்குப் பால் மறக்கவைத்த பிறகு குளிக்கும்போது கையில் பட்டதாம். கோலிக்குண்டு அளவு. முதலில் பால் கட்டியிருக்கிறது என்று நினைத்தாளாம். அப்புறம், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வரும் தூசி ஒத்துக்கொள்ளாமல் ஏதோ கட்டியிருக்கிறது என்று நினைத்தாளாம். எங்கள் ஊரில் எல்லா வியாதிக்கும் அந்த வெள்ளை மேட்டைக் கையைக் காட்டிவிடுவது வழக்கம்தான். கரையாமல் அப்படியே இருக்கவும் பயம் பிடித்துக்கொண்டது. புருஷனிடம் சொன்னால் அவன் அம்மாவிடம் சொல்வான். அம்மாவிடம் சொன்னால் குழாயடிக்குப் போகும். கோலார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அங்கே மாமியாரின் அண்ணன் மகள் வேலை செய்கிறாள். பூதிகோட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு ஊரே கூடிவிடும்.

"அதான்க்கா வேலைக்கு அலைஞ்சேன். வேலைக்குப் போறவள யாரும் எங்க போற, ஏன் லேட்டுன்னு கேக்கமாட்டாங்க. ஒரு நாள் லீவு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம பெங்களூர்லயே காட்டிட்டு வந்துடலாம்னு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே பொய்யைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம். நான் தலையாட்டிய கம்பெனியில் இவள் சேர வந்திருக்கிறாள், அதுவும் நான் போகிற அதே காரியத்துக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. வலிக்கல. அதனால ஒண்ணியும் இருக்காதுதானே?"

நானும் அதையேதான் நினைத்தேன். தீபாவளிக்குக் கையில் பட்டதை, வலியில்லை, வலியில்லை என்று பொங்கல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். வலித்திருந்தால் மறுநாளே ஓடியிருப்பேன். வலிக்காதது நல்லது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று டாக்டர் என்னைத் திட்டியது அப்போது காதில் கேட்டது. நேரம் கடந்துவிடவில்லை, தப்பித்தேன். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று எப்படிச் சொல்வது. இவளுக்கு இருபத்தாறு வயது.

"நாளைக்கு வந்து காட்டறேன்க்கா."

"நாளைக்கு இல்ல. எழுந்திரு."

அதே வளாகத்தில், சந்தேகம் இருக்கிறவர்கள் வந்து பரிசோதனை செய்துகொள்ளத் தனியாக ஒரு பிரிவு இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலில் தண்ணீர் கொடுத்தார். எப்போது பார்த்தாய், யாருக்காவது குடும்பத்தில் இருக்கிறதா என்று சாவகாசமாகக் கேட்டார். மாதம் ஒரு தரம் கண்ணாடி முன் நின்று எப்படிப் பார்க்க வேண்டும், விரலை எப்படி வைத்துத் தடவ வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கட்டி என்றாலே அந்த வியாதி என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், ஆனால் அதை நீயே முடிவுசெய்யக் கூடாது என்றார். டாக்டர் அம்மா பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

ரயிலில் திரும்பும்போது, வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் டிரெயினிங் என்று சொல்லிவிடு என்றேன். ஆனது ஆகட்டும் என்ற மனநிலைக்கு நான் வந்துவிட்டிருந்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே, "என் மருமவ டிரெயினிங் போப்போறா" என்று பெரியம்மா தெருக்கோடி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த ஒரு வாரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. என்னுடைய ரிசல்டுக்குக் காத்திருந்தபோது எனக்கு எரிச்சல்தான் அதிகம் இருந்தது, யாரிடம் சண்டை போடலாம் என்று திரிந்தேன். இப்போது பயந்தேன். ரயிலில் பயந்தேன், மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டும் பயந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கழுவிய பாத்திரத்தையே அவள் மறுபடி கழுவும் சத்தம் கேட்கும். பெரியம்மா, "தண்ணிய இன்னாத்துக்கு இப்பிடி கொட்ற?" என்று கத்துவார். குழந்தை சிரிக்கும். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. அந்த வாரம் கும்பிட்டேன்.

ரிசல்ட் நாள் வந்தது. என் முறையை முடித்துக்கொண்டு அவளோடு அந்தப் பிரிவுக்குப் போனேன். டாக்டர் அம்மா பேப்பரைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார்.

"ஏனூ இல்லம்மா."

அவளுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றாங்கக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணியும் இல்லியாம்டி."

"ஏனூ இல்லவா?" என்று மறுபடி டாக்டரிடம் கேட்டாள். இல்லை என்று அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். இந்த வயதுப் பெண்களுக்கு வருகிற சாதாரணக் கட்டி, இப்போதைக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்டு, பெரிதானால் முன்னாலேயே வா என்றார். இவள் எழுந்து வெளியே நடந்தாள். வராண்டாவுக்கு வந்ததும் நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். எதிரில் வந்த வார்டு பாய் என்னவோ ஏதோ என்று நின்று பார்த்துவிட்டுப் போனான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ரொம்பப் பசிக்குது" என்றாள். கேன்டீனில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, கூச்சப்படாமல் இன்னொன்று கேட்டாள்.

ரயில் ஒயிட்ஃபீல்டு தாண்டும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப என் வேலை?"

"எந்த வேலை?"

"அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களேக்கா. நாளைக்கு எங்க போறது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தேன். இன்னொரு பொய் கண்டுபிடிக்கலாம். எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, அதில் தேறிவிட்டிருந்தேன். ஆனால் களைத்துப்போயிருந்தேன். மனசு லேசாகவும் இருந்தது. லேசான மனசோடு பொய் சொல்லப் பிடிக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக்குள் போனேன். பெரியம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வந்தது, எடுத்தது, கரண்ட் வைக்கப் போவது, கம்பெனி என்று ஒன்று இல்லாதது, இவளுக்குக் கட்டி இருந்தது, டெஸ்ட் எடுத்தது, இன்றைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னது. வேண்டுமென்றேதான் உரக்கச் சொன்னேன். கூரைச் சந்து வழியாக எத்தனை வீட்டுக்குப் போகுமோ போகட்டும் என்று சொன்னேன். நான் பேசி முடித்தபோது லைனில் ஒரு டிவி சத்தம்கூட இல்லை.

பெரியம்மா கையில் சோற்று உருண்டை அப்படியே இருந்தது. மருமகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"வேலைக்கான்னு நான்தானே கேட்டேன்," என்றார். "இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா ஆரஞ்சுப் பழத்த வாங்கினு வந்து அழுதிருப்பீங்க."

"அழுதிருப்பேன். அதுல இன்னா தப்பு? அழுதுட்டு காபியும் நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

அவர் குழந்தையின் வாயில் உருண்டையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மருமகளைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நான் அவளுக்காகப் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"சாப்டியாடி?" என்றார்.

அவள், "ரெண்டு தோசை சாப்ட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பெரியம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு தட்டில் சோறு போட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நான் நிஜமாகவே குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினால், குழாயடியில் பெரியம்மா. பக்கத்தில் மருமகள், புடவை கட்டித் தலை பின்னி, இரண்டு டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இவ எங்க?" என்றேன்.

"உன்கூடத்தான். வேலை, வேலைன்னு அலைஞ்சாளே, இதான் அவ வேலை. உனக்கு முடியற வரிக்கும் கூட போயிட்டு வரட்டும். ஒருத்தியா இன்னாத்துக்கு அத்தினி தூரம் போயினு கெடக்கற?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "போங்க, போங்க, வண்டிக்கு நேரமாச்சு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். இவள் என் கையிலிருந்த பையையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். இடது தோளில் ஒன்றும் இல்லாமல் நடப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி நாள் வரைக்கும் அவள் வந்தாள். இப்போது நான் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் காட்டப் போகும்போதும் வருகிறாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போன தடவையும் சொன்னார்கள்.

ஆனால் அவள் துணைக்கு வந்த அந்த முதல் நாள் காலைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நாங்கள் லைன் முனைக்குப் போயிருப்போம். பின்னால் யாரோ குடத்தோடு குழாயடிக்கு வந்து, பெரியம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"இன்னா, ரெண்டு பேரும் வேலைக்கா?"

"இல்லமா. கரண்ட் வைக்கப் போறாங்க. சாயங்காலம் வந்துடுவாங்க."

அவர் குரல் எப்போதும் போல லைன் முழுக்கக் கேட்டது.